வாசனை ஈரத்தை உலர்த்தாது

காரில் ஏ.சி.யைப் போட்டதும் ஊறிப்போன துணியின் வாடை அடித்தால் என்ன செய்வது? தேசூரில் கேட்டாலும் வந்தவாசியில் கேட்டாலும் சென்னையில் கேட்டாலும் முதல் பதில் ஒன்றுதான்: ஒரு வாசனை டப்பா வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர், ஏ.சி. துவாரத்தில் மாட்டும் கிளிப் வாசனையைச் சொல்வார். செலவு வேண்டாம் என்பவர் எலுமிச்சம்பழத்தை அறுத்து வைக்கச் சொல்வார். பழைய பழக்கத்தை விடாதவர் கற்பூரமோ சாம்பிராணியோ போதும் என்பார். அனுபவசாலி என்று பெயர் வாங்கியவர் “கேஸ் குறைஞ்சிருக்கும், ரொப்பிடுங்க” என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார். வழிகள் வெவ்வேறாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றின் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே. நாற்றம் காற்றில் உள்ள குறை; காற்றில் நல்ல மணத்தைக் கலந்தால் அது தீர்ந்துவிடும் என்பதே அந்த நம்பிக்கை. அது தவறு. நாற்றம் பிறக்குமிடம் டேஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் ஈரமான ஓர் உலோகப் பரப்பு. அதை உலர்த்தாமல் வேறு எதைச் செய்தாலும் பணம் கரையும். சில வேளைகளில் தெரிய வேண்டிய ஆபத்தும் மறைந்துபோகும்.

ஏ.சி. என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மெக்கானிக்குகள் ‘கூலிங் காயில்’ என்று சொல்லும் உறுப்பு, டேஷ்போர்டுக்குப் பின்னால் மூடிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது. மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கி அடுக்கிய அமைப்பு அது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. ப்ளோயர் தள்ளும் காற்று இந்த இடுக்குகளில் புகுந்து குளிர்ந்து நம் முகத்துக்கு வருகிறது. குளிரும்போதே காற்று தன்னிடமுள்ள நீரை இழக்கிறது. 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். 8 டிகிரிக்குக் குளிர்ந்த காற்றால் 8 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்க முடியும். மிச்சம் 14, 15 கிராம் தண்ணீர் துளித்துளியாகக் காயிலில் படிகிறது. ப்ளோயர் மணிக்கு நூற்றுக்கணக்கான கனமீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், புழுக்கமான நாளில் லிட்டர் கணக்கில் நீர் சேர்வது விளங்கும். நிறுத்திய காரின் அடியில் சொட்டுவது இந்த நீர்தான். ஆனால் எல்லாமே சொட்டிவிடுவதில்லை. நெருக்கமான தகடுகளுக்கிடையே கணிசமான பங்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த நிலையிலேயே எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, வெயிலில் காரை விட்டுவிட்டுப் போகிறோம்.

சுத்தமான நீர் தானாக நாறாது. தூசு, மகரந்தம், துணி இழை, தோல் செதில், பின் இருக்கையில் சிந்திய தின்பண்டத்தின் துகள் என எல்லாம் காற்றோடு போய் அந்த ஈரத்தில் ஒட்டுகின்றன. இருட்டு, ஈரம், வெதுவெதுப்பு, உணவு ஆகிய நான்கும் ஒரே பெட்டிக்குள் கிடைத்தால் நுண்ணுயிர்களுக்கு வேறென்ன வேண்டும்? இது வெறும் ஊகமும் அன்று. 1990-இல் அமெரிக்காவின் ஒவ்வாமை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, ஏ.சி.யைப் போட்டால் தொல்லை கூடுவதாகச் சொன்ன நோயாளிகளின் கார்களைச் சோதித்தது. அந்த ஏ.சி.களின் பூஞ்சை மாசுதான் அதன் ஆய்வுப்பொருள். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கார்களின் கூலிங் காயில்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து வழவழப்பான படலமாகப் படிந்து வாழ்வதைப் பதிவு செய்தார்கள். அந்தப் படலம் வாழ்ந்துகொண்டே வெளிவிடும் ஆவிகளைத்தான் நம் மூக்கு ஊறின துணி என்றும் பழைய காலுறை என்றும் அடையாளம் காண்கிறது. டேஷ்போர்டின் மேலிருக்கும் டப்பாவின் மணம் இந்தப் படலத்தைத் தொடுவதே இல்லை. தொட்டாலும் ஈரம் இருக்கும்வரை படலம் சாகாது.

இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்றைக் கார் கம்பெனிகளே தந்திருக்கின்றன. 2019-இல் இந்தியச் சந்தைக்கு வந்த கியா செல்டோஸின் உயர்ரக மாடல்களில், காற்றைச் சுத்திகரிக்கும் கருவியோடு வாசனை பரப்பும் வசதியும் இருந்தது. வாசனையை ஆதரிப்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டி, “கம்பெனியே வைக்கிறதே” என்று கேட்கலாம். ஆனால் அதே கியாவை உள்ளடக்கிய ஹூண்டாய் குழுமம் 2020-இல் ‘ஆஃப்டர் ப்ளோ’ என்ற தொழில்நுட்பத்தை அறிவித்தது. எஞ்சினை அணைத்தபின் காயிலின் நீர் வடிவதற்காக ஏறத்தாழ 30 நிமிடம் காத்திருந்து, பிறகு ப்ளோயர் தானாகவே 10 நிமிடம் ஓடிக் காயிலை உலர்த்தும் ஏற்பாடு அது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஜெனரல் மோட்டார்ஸ், ஈரப்பதம் மிகுந்த பகுதிகளிலிருந்து வந்த நாற்றப் புகார்களுக்கு இதே போன்ற தாமதமாக ஓடும் ப்ளோயரைத் தீர்வாகப் பொருத்தியது. வாசனையே மருந்தானால், அதைப் பொருத்தி விற்கத் தெரிந்த ஒரு குழுமம் காயிலை உலர்த்த இவ்வளவு மெனக்கெடுவானேன்? வாசனையை வசதிக்காக விற்கிறார்கள். நாற்றத்தைத் தீர்க்க உலர்த்துகிறார்கள். நாம் முதலாவதை வாங்கி இரண்டாவதன் வேலையை அதனிடம் எதிர்பார்க்கிறோம்.

“போட்டதும் நாற்றம் போய்விடுகிறதே, அது பொய்யா?” என்பது முதல் மறுப்பாக வரும். பொய்யில்லை. அங்கே நடப்பது வேறு. பலமான மணம் பலவீனமான வாடையை மூக்கிலிருந்து மறைக்கிறது. சில நிமிடங்களில் மூக்கு அந்த மணத்துக்கும் பழகி இரண்டையும் உணராமல் போகிறது. அதனால்தான் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாத காரில், புதிதாக ஏறும் பயணி மல்லிகையும் பூஞ்சையும் கலந்த ஒரு புது நெடியை முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார். ஜவ்வாது மலையின் வளைவுகளில் பின் இருக்கைக் குழந்தை வாந்தியெடுத்தால் சாலையைத் திட்டுகிறோம். மூடிய காருக்குள் நெடியடிக்கும் வாசனையும் குமட்டலைக் கூட்டும் என்பதை யோசிப்பதில்லை. இந்த மணம் வெறும் மணமும் அன்று. அமெரிக்க ஆய்வாளர் ஆன் ஸ்டைன்மன் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் வாசனையூட்டிய 25 நுகர்பொருள்களைச் சோதித்தபோது, அவற்றிலிருந்து 133 வகை ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பாலானவை லேபிளில் இல்லை. எலுமிச்சை மணத்துக்குக் காரணமான லிமோனீன், காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும் என்பதும் வேதியியல் உறுதி செய்த செய்தி. பூஞ்சை வாடையைப் போக்குவதாகச் சொல்லி காற்றில் இன்னொரு சுமையை ஏற்றுவது எந்தக் கணக்கில் சுத்தம்?

இதைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. காருக்குள் வரும் நாற்றம் பல நேரங்களில் எச்சரிக்கை. இனிப்பான வாடை வந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால் ஹீட்டர் பகுதியில் கூலன்ட் கசிகிறது என்று பொருள். பிளாஸ்டிக் கருகும் வாடை வயரிங்கிலோ ப்ளோயர் மோட்டாரிலோ கோளாறைக் காட்டும். பெட்ரோல் வாடையும் புகை வாடையும் உடனே வண்டியை ஓரம் கட்டச் சொல்பவை. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. கூட வரும் புகையின் வாடைதான் மூக்குக்குக் கிடைக்கும் துப்பு. எல்.பி.ஜி.க்கும் இயற்கை எரிவாயுவுக்கும் இயல்பான மணம் கிடையாது என்பதால் மெர்காப்டன் என்ற நாறும் பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். 1937 மார்ச் 18-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில், கசிந்த எரிவாயு யாருக்கும் தெரியாமல் சேர்ந்து வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் மாணவர்கள், மாண்டார்கள். எரிவாயுவுக்கு நாற்றமூட்டுவதைச் சட்டமாக்க வைத்த விபத்து அது. இவ்வளவு விலை கொடுத்துச் சேர்த்த நாற்றத்தை, கேஸ் கிட் பொருத்திய வாடகை வேனில் ரோஜா வாசனை போட்டு அமுக்குவது அறிவுடைமை ஆகாது. நாற்றம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது “இது எங்கிருந்து வருகிறது?” என்பதே. வாசனை டப்பா அந்தக் கேள்வியையே கேட்கவிடாமல் செய்கிறது.

மற்ற வைத்தியங்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். குளிர்பதன வாயு மூடிய குழாய்க்குள் சுற்றிவருவது. எரிபொருளைப் போல் செலவாகித் தீர்வதில்லை. அது குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள், குளிர்ச்சியும் குறையும். குளிர்ச்சி நன்றாக இருந்து நாற்றம் மட்டும் அடிக்கும் காருக்குக் கேஸ் ரொப்புவது காய்ச்சலுக்குக் கண்ணாடி மாட்டுவதுதான். சாம்பிராணிப் புகை காயிலின் ஈரத்தில் பிசினாகப் படிந்து தூசு ஒட்டுவதற்கு வழி செய்கிறது. சிலர் வைக்கும் அந்துருண்டையிலுள்ள நாப்தலீனை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியவை என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை அது சிதைக்கும். மூடிய, வெயிலில் கொதிக்கும் காரில் வைக்கத்தக்க பொருள் அது இல்லை. ப்ளீச்சிங் கரைசலைப் பீய்ச்சச் சொல்பவர்களும் உண்டு. அது அலுமினியத்தை அரித்துக் காயிலையே ஓட்டையாக்கிவிடும். ஓசோன் மெஷின் கொஞ்ச நாளைக்கு வாடையைக் கொல்லும்; நீரையோ படலத்தையோ அகற்றாது, நுரையீரலுக்கும் எரிச்சலூட்டும். இவை அனைத்தும் ஈரத்தை அப்படியே விட்டுவிடுகின்றன.

எதிர்த்தரப்பில் நியாயமாகப் பேசக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். “வாசனையை நானும் ஏற்கவில்லை. ஆண்டுக்கொரு முறை நுரை அடித்துக் காயிலைக் கழுவினால் போதாதா?” என்று அவர் கேட்பார். கழுவுவது தேவைதான். படிந்துவிட்ட படலம் வெறும் காற்றில் உதிராது. அதற்கென உள்ள காயில் கிளீனரை வடிகுழாய் வழியாகவோ ப்ளோயர் பக்கமாகவோ செலுத்தி, ஊறவிட்டு, வடியவிட வேண்டும். அதற்கு முன்னால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாலிருக்கும் கேபின் ஃபில்டர் கறுத்திருந்தால் மாற்ற வேண்டும்; பழைய சிறிய கார்கள் பல அந்த ஃபில்டரே இல்லாமல் வந்தன, இடமிருந்தால் பொருத்திக்கொள்ளலாம். வைப்பர் அடியிலுள்ள காற்று வழியில் சேர்ந்த சருகையும் எலி கொண்டுவந்த குப்பையையும் எடுக்க வேண்டும். மூன்றாவது வடிகுழாய். ஏ.சி. ஓடியும் காருக்கடியில் சொட்டு விழவில்லை, முன்பக்க இடது காலடி விரிப்பு ஈரமாக இருக்கிறது என்றால் குழாய் சேற்றால் அடைபட்டிருக்கிறது. தண்ணீர் பெட்டியிலேயே தேங்கி உள்ளே வழிகிறது. இவை எல்லாம் முடிந்தபின்னும் அன்றாடம் காயிலை ஈரத்தோடு மூடிவைத்தால் படலம் திரும்ப வரும். கழுவியதை உலர்த்தாமல் விட்டால் அடுத்த ஆண்டும் அதே செலவுதான்.

உலர்த்துவது எப்படி? இறங்குமிடம் வருவதற்கு நான்கைந்து நிமிடம் முன்னால் ஏ.சி. பொத்தானை மட்டும் அணைத்து, ப்ளோயரை வேகமாக ஓடவிட்டு, வெளிக்காற்று வரும் வழியைத் திறந்துவிடுவது. செலவு எதுவும் இல்லை. ஆனால் இங்கேதான் மிகச் சரியான எதிர்க்கேள்வி எழுகிறது. “நம் ஊர்க் காற்றே ஈரமானது. ஈரக் காற்று எதை உலர்த்தும்?” கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. கம்ப்ரஸர் நின்ற முதல் நிமிடத்தில் காயில் இன்னும் சில்லென்று இருக்கும். புழுக்கக் காற்று பட்டால் அதில் மேலும் நீர் படியவே செய்யும். காயில் சூடேறி, வெளிக்காற்றின் பனிநிலையை, அதாவது அதிலிருந்து நீர் படியத் தொடங்கும் வெப்பநிலையைத் தாண்டிய பிறகே உலர்தல் தொடங்கும். ஆகவே அரை நிமிடம் ஊதிவிட்டு நிறுத்துவதால் பலன் இல்லை. துவாரத்திலிருந்து வரும் காற்று வெளிக்காற்றைப் போலவே வெதுவெதுப்பாகும்வரை ஊத வேண்டும். 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றுக்கும் இன்னும் நீரை ஏற்க இடம் உண்டு, நேரம் மட்டுமே கூடும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தில் சித்திரை, வைகாசிப் பகல்களில் வேலை சீக்கிரம் முடியும்; ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மெதுவாகும். மழையில் ஓடும்போது இதைச் செய்தால் காயிலின் நீர் ஆவியாகி முன்கண்ணாடியில் பனிபோல் படிந்து பார்வையை மறைக்கும். அந்த நாட்களில் வண்டியை நிறுத்திய பிறகு, கண்ணாடியை இறக்கிவிட்டு உலர்த்துவதே பாதுகாப்பு. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு மட்டும் செய்யக்கூடாது.

“வெளிக்காற்றைத் திறந்தால் தூசு வராதா? வாடகை வண்டிக்காரருக்கு ஐந்து நிமிடம் ஏ.சி. இல்லாமல் பயணியை உட்கார வைக்க முடியுமா?” என்ற இரண்டும் நடைமுறைக் கேள்விகள். நெல் அறுவடை நேரத்துச் சாலையிலும் கல்குவாரி லாரிக்குப் பின்னாலும் உள்சுற்றில் ஓட்டுவது சரியே. ஆனால் பயணம் முழுக்க உள்சுற்றிலேயே ஓட்டினால் வியர்வையும் மூச்சும் அந்தப் பெட்டிக்குள்ளேயே சுழலும். தூசு இல்லாத நீட்சியில் திறந்துகொள்ளலாம். ஃபில்டர் இருப்பதே தூசைப் பிடிக்கத்தானே. வாடகை ஓட்டுநர் பயணி இறங்கிய பிறகு, ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியில் உலர்த்தலாம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டி, பக்தர்கள் 14 கிலோமீட்டர் நடந்து வரும் வரையில் சும்மாதானே நிற்கிறது? இதில் மிகைப்படுத்தலுக்கும் இடம் வேண்டாம். கார் ஏ.சி.யிலிருந்து பென்சீன் வந்து புற்றுநோய் உண்டாக்குகிறது என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்தி ஆதாரமற்றது. பூஞ்சை வாடை பெரும்பாலோருக்கு எரிச்சல் மட்டுமே. ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்குத்தான் அது உண்மையான தொல்லை. பயமுறுத்தாமலேயே சொல்ல முடிந்த காரணம் போதுமான காரணம்.

ஈரமும் வாடையும் சேர்ந்தே வரும் என்ற இந்தப் பாடம் நெசவு ஊருக்குத் தெரியாததும் அன்று. தேசூரைப் போன்ற ஊரிலிருந்து ஆரணிக்கோ காஞ்சிபுரத்துக்கோ பட்டுச் சேலைகளோடு போகும் காரில், சேலையும் அதே காற்றைத்தான் உறிஞ்சுகிறது. பட்டு இயல்பிலேயே ஈரத்தை இழுக்கும் இழை. தன் உலர் எடையில் ஏறத்தாழ 11 சதவீதம் நீரை வைத்திருப்பதே அதற்கான வணிக அளவு. ஈரத்தோடு வாடையையும் அது பிடித்துக்கொள்ளும். ஸ்பிரே வாசனையின் துளி விழுந்தால் சாயத்தில் கறை தங்கலாம். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டைப் பூஞ்சையும் செயற்கை மல்லிகையும் கலந்த நெடியோடு வாங்குபவர் கையில் கொடுப்பது வியாபாரத்துக்கே இழுக்கு. இப்போது இது கார்களோடு நிற்கும் சங்கதியும் இல்லை. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. ஓட்டுநர் சாப்பிட்டு, உடை மாற்றி, இரவு உறங்கும் அறை அது. அங்கும் வாசனை டப்பாவையே மருந்தாகக் கொண்டுபோய் வைத்தால், நாள் முழுக்க அதைச் சுவாசிக்கப் போவது அவர்தான்.

ஆகவே ஏ.சி. நாறினால் முதலில் நாற்றம் எந்த வகை என்று பாருங்கள். கருகல், பெட்ரோல், எரிவாயு, இனிப்பு வாடை என்றால் வண்டியை ஓரம் கட்டி மெக்கானிக்கை அழையுங்கள். ஊறின துணி வாடை என்றால் ஃபில்டரையும் வடிகுழாயையும் பார்த்து, காயிலை ஒரு முறை முறையாகக் கழுவுங்கள். பிறகு ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் காயிலை உலர்த்திவிட்டு இறங்குங்கள். இவ்வளவும் செய்தபின் காரில் மல்லிகை மணக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் தாராளமாக ஒரு முழம் பூ வாங்கி வையுங்கள். அது அலங்காரம்; அதை வைத்தியம் என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.